எண்ணெய் பாஸா, ஃபெயிலா?

எங்கள் கல்லூரியில் மேல்மாடி ஒழுக ஆரம்பித்ததும், மூன்று துறைகளின் ஆராய்ச்சி மாணவர்களையும் கீழே ஒரே அறையில் போட்டு அடைத்துவிட்டார்கள். நான் மேலாண்மைத் துறை. ஜனங்கள் ஒரு செல்போன் ஆப்பை ஏன் ஆசையாக இறக்கிக்கொள்கிறார்கள், ஏன் சீக்கிரமே சலித்துப்போய் அழித்துவிடுகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. இதைக் கேட்ட என் மாமியார், "இதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கிறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். தென்னூரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பும்போது எனக்கே பல நாள் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

எதிர் மேசையில் உட்கார்ந்தவள் வேதியியல். ஸ்ரீரங்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள், என்னைவிட அதிகம் படித்தவள், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள். கடைசியாகச் சொன்னது ஊரில் எல்லோருக்கும் பொருந்தும். பொரித்து முடித்து, இனி ஆகாது என்று ஒதுக்கிய சமையல் எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றக்கூடிய எரிபொருளாக மாற்றுவது அவள் வேலை.

ஜன்னலோர மேசை இயந்திரவியல்காரருடையது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தேய்ந்துபோன இன்ஜினைக் காய்லாங்கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதைவிட, அதையே பிரித்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிப் புதிது போல ஆக்கினால் எவ்வளவு கரியும் புகையும் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மருங்காபுரிப் பக்கம் தண்ணீர் வற்றிய கிணற்று மேட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பம்ப்செட் இன்ஜினை வேனில் ஏற்றி வந்து, அதற்கு உயிர் கொடுத்திருந்தார். அந்த இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் நிறுத்த மாட்டார். எங்கள் டிபன் பாக்ஸ் எல்லாம் அவர் பேச்சில் ஆறிப்போனவைதான்.

ஒரு மதிய வேளையில், ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி மூன்று பேரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தோம். அவளுக்கு எண்ணெய் வேண்டும். அவருக்கு, அந்த எண்ணெயில் செய்த எரிபொருளை ஊற்றித் தன் இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு, ஜனங்கள் நிஜமாகவே பயன்படுத்துகிற ஓர் ஆப் வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பலகாரக் கடைகளிலிருந்து பழைய எண்ணெயைச் சேகரிக்க நான் ஓர் ஆப் செய்தால் எல்லோருடைய பிழைப்பும் ஓடும். "இவ்வளவு நாளா இது ஏன் தோணல?" என்று பொன்மலைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தோன்றாததற்குக் காரணம், அவர் எங்களைப் பேச விடாததுதான். அதை நான் சொல்லவும் செய்தேன்.

எங்களில் உண்மையாகவே அவசரம் வேதியியல்காரிக்குத்தான். பல வருடங்களாகக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் மேடையேறி இறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஜூனில் கல்லூரி திறக்கும்போது கையில் முனைவர் பட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு வேலை போய்விடும். எனக்கும் பொன்மலைக்காரருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. அவளுக்கு இந்த ஒன்றுதான்.

ஆப் செய்து முடித்தோம். கடைக்காரர் எண்ணெய் சேர்ந்ததும் அதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் வண்டி வந்து கேனை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் திரையில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை முளைக்கும். கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்த எண்ணெயில் எத்தனை முறை பொரித்தீர்கள்?

முதலில் போனது ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பஜ்ஜிக்கடைக்கு. அந்த அண்ணன் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கும் தோரணையைப் பார்த்தால், கீழே எரிவது அடுப்பா யாகமா என்று சந்தேகம் வரும். அவ்வளவு பெருமை. அவருடைய வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் திருச்சி ரயில்கள் எல்லாம் புறப்படுகின்றன என்று அவர் மனதார நம்பினார்.

"பழைய எண்ணெயா டீச்சர்? நம்ம கடையில ஏது பழைய எண்ணெய்?" என்றார். பிறகு என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். "இது என்ன இலை?"

"நீங்க எண்ணெய் குடுக்கக் குடுக்க இலை வரும்ண்ணே."

"எதிர்க்கடைக்கும் வருமா?"

"அவங்க குடுத்தா வரும்."

"அப்ப முதல்ல எனக்குப் போடுங்க" என்றார்.

ஒரே மாதத்தில் அந்தத் தெருவும் அடுத்த தெருவும் எங்கள் ஆப்பில் ஏறிக்கொண்டன. நான் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எல்லாம் ஆப்பை இறக்குகிறவர்கள் கொஞ்ச நாளில் காணாமல் போவார்கள். என் கடைக்காரர்களோ ஒருவர்கூட விலகவில்லை. வாரத்துக்கு வாரம் வரைபடம் மேலே மேலே போனது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். வீட்டில் மாமியாரிடம் காட்டினேன். "கோடு நல்லா நேரா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பஜ்ஜிக்கடை அண்ணன் ஒரு படி மேலே போய் ஃப்ளெக்ஸ் போர்டே வைத்துவிட்டார். "கல்லூரி ஆராய்ச்சிக்கு எண்ணெய் வழங்கும் ஒரே கடை" என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் பச்சை இலை, நடுவில் கைகூப்பியபடி அவர். இரண்டு நாள் கழித்து எதிர்க்கடையிலும் ஒரு போர்டு முளைத்தது. அதில் "முதல் கடை" என்று இருந்தது. இரண்டுமே பொய். ஆனால் நான் எதற்குத் தடுக்கப் போகிறேன்? ஆப்பை ஜனங்கள் கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு எங்கே கிடைக்கும்!

இதற்கிடையில் எங்கள் வேதியியல்காரி மட்டும் நாளுக்கு நாள் முகம் வாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவளுடைய பரிசோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கண்ணாடிக் குவளையில் எங்கள் கேனிலிருந்து எடுத்த எண்ணெய். அதற்கு மேலே மெல்லிய குழாயில் காரக் கரைசல். எண்ணெய் கெட்டுப்போயிருந்தால் அதில் அமிலம் சேர்ந்திருக்கும். அந்த அமிலம் சொட்டுச் சொட்டாக நிறையக் காரத்தைக் குடித்த பிறகுதான் எல்லாம் ரோஸ் நிறமாக மாறும். அவள் குழாயைத் திறந்தாள். சில சொட்டுகள்கூட விழுந்திருக்காது. குவளை ரோஸாகிவிட்டது.

"பளிச்னு நல்லா இருக்கே" என்றேன்.

"நன்னா இருக்குக்கா. ரொம்ப நன்னா இருக்கு. அதான் பிரச்சனை. எங்காத்துத் தளிகை உள்ளுல, சமைக்கறதுக்கு வெச்சிருக்கற எண்ணெய்கூட இவ்வளவு நன்னா இருக்காது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். நல்ல எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்வது பெரிய வித்தை இல்லை. கெட்ட எண்ணெயில்தான் சிக்கல். வழக்கமான முறையில் செய்யப் போனால், உள்ளே இருக்கும் அமிலம் எல்லாவற்றையும் சோப்பாக்கிவிடும். கொட்டாங்கச்சிக் கரியைப் பதப்படுத்தி அவள் ஒரு கறுப்புப் பொடி செய்திருந்தாள். அதைப் போட்டால் மட்டமான எண்ணெய்கூடச் சோப்பாகாமல் எரிபொருளாக மாறும். அவளுடைய ஆராய்ச்சியே அந்தப் பொடிதான். பொடி வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் மட்டமான எண்ணெய் வேண்டும். ஸ்ரீரங்கத்துக் கடைகள் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததோ தங்கம்.

நான் என் ஆப்பைத் திறந்து பார்த்தேன். எத்தனை முறை பொரித்தீர்கள் என்ற கேள்விக்கு அத்தனை பேரும் அழுத்தியிருந்த பதில், ஒரு முறை. என் தரவை நம்பினால், ஸ்ரீரங்கத்தைப் போல் ஒழுக்கமான ஊர் பூமியில் கிடையாது. அந்த ஊரில் பஜ்ஜி சாப்பிட்டவள் என்ற முறையில் எனக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். வரைபடத்தின் அழகு கண்ணை மறைத்துவிட்டது.

அன்று மாலையே சொல்லாமல் கொள்ளாமல் பஜ்ஜிக்கடைக்குப் போனேன். அண்ணன் எங்கள் கேனை முன்னால் வைத்துக்கொண்டு, கடலை எண்ணெய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்டியில் கொதித்த எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் நிமிர்ந்தார். "காலேஜுக்குப் போற எண்ணெயாச்சே டீச்சர். டெஸ்ட்ல ஃபெயிலாயிடுச்சுன்னா நம்ம கடைப் பேர் என்னத்துக்கு ஆகும்? இதுவரைக்கும் எல்லாம் பாஸ்தானே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதிர்க்கடையில் விசாரித்தேன். அங்கேயும் அதே கதை. அடுத்த தெரு மிக்சர்க் கடைக்காரர் புது எண்ணெயை ஒரு முறை சூடாக்கி ஆற வைத்துக் கொடுத்தாராம், பார்க்க இயல்பாக இருக்க வேண்டுமென்று. சீடை, முறுக்கு செய்து விற்கும் மாமி இன்னும் மேலே. "நாங்க குடுத்ததுக்கு எத்தனை மார்க் வந்தது?" என்று என்னிடமே கேட்டார். இந்த ஊரில் கல்லூரி என்று ஒன்று எதையாவது வாங்கிக்கொண்டு போனால் அது பரீட்சைக்குத்தான் என்பது எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பிள்ளைகளை ஃபெயிலாக விடாத ஜனங்கள் எண்ணெயை மட்டும் விட்டுவிடுவார்களா?

"எங்களுக்கு ஃபெயிலான எண்ணெய்தான் வேணும்" என்று கடை கடையாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஐயோ பாவம், வேணும்தான். பக்கத்துக் கடையில கேளுங்க, அவங்ககிட்ட நிறைய இருக்கும்" என்றார்கள். பக்கத்துக் கடையைப் பற்றிக் கேட்டால் மட்டும் விஷயம் மடை திறந்து கொட்டியது. எந்தக் கடையில் எண்ணெய் என்ன நிறம், எத்தனை நாள் ஓடுகிறது, எந்தத் திருவிழாவில் வாங்கியது இன்னும் சட்டியில் இருக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டேன். எண்ணெய்தான் வரவில்லை.

அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பொன்மலைக்காரர் தன் இன்ஜினைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு உருப்படியாக ஒன்றைச் சொன்னார். "மேடம், பேர் போட்டா யாரும் அழுக்குத் துணியை வெளிய காயப்போட மாட்டாங்க. பேரை எடுத்துடுங்க. ஆப்பு வேண்டாம், இலை வேண்டாம். ஒரு டிரம்மை எங்கயாவது வெச்சிடுவோம். வந்து ஊத்திட்டுப் போகட்டும்."

ஆப் வேண்டாமா! என் ரத்தம் கொதித்தது. என் வரைபடம் என்ன ஆவது? நான் எத்தனை மாதம் வெயிலில் அலைந்து அந்தக் கோட்டை மேலே ஏற்றினேன்? ஆப்பும் இருக்கட்டும், டிரம்மும் இருக்கட்டும் என்று வாதாடினேன். டிரம்மைப் பற்றிக் கடைகளில் பேச்சு விட்டுப் பார்த்தபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "அது ஆப்புல வந்துடாதே?" அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? எதிர் மேசையில் அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆப்பை நிறுத்தினேன். கோபமாகத்தான் நிறுத்தினேன். அன்று முழுக்க பொன்மலைக்காரரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்.

ஸ்டேஷன் ரோட்டை ஒட்டி, மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் ஸ்டாண்டின் உள்ளே டிரம்மை வைத்தோம். அவள் கடை கடையாகப் போய் வாக்குக் கொடுத்தாள். "யார் ஊத்தினான்னு நாங்க பாக்க மாட்டோம். எப்பவும் கேக்க மாட்டோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

முதல் நாள் டிரம் காலி. இரண்டாம் நாள் அடியில் கொஞ்சம். அந்த வாரம் முடிவதற்குள் டிரம் தளும்பியது. மூடியைத் திறந்தபோது எழுந்த வாடையில் பொன்மலைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். கன்னங்கரேலென்று, அடியில் வடைத்தூள் படிந்து, இறந்துபோன மிளகாயெல்லாம் மிதந்துகொண்டு, பார்க்கவே பயங்கரமாக இருந்தது. அவள் மட்டும் ஒரு கரண்டியில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, "அக்கா, எவ்வளவு மோசம் பாருங்களேன்!" என்று குதித்தாள். பட்டுப்புடவைக் கடையில்கூட ஒரு பெண் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அந்த எண்ணெய் காரத்தைக் குடித்த வேகத்தை என்னவென்று சொல்வது! குழாய் காலியாகி, மறுபடி நிரப்பி, அப்புறம்தான் ரோஸ் எட்டிப் பார்த்தது. கறுப்புப் பொடி தன் வேலையைக் காட்டியது. சோப்பாகாமல், தேன் நிறத்தில் தெளிந்த எரிபொருள் வந்தது. மருங்காபுரி இன்ஜினில் ஊற்றி, பொன்மலைக்காரர் கைப்பிடியைச் சுழற்றினார். இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவது முறை அது ஓடத் தொடங்கியது. அவர் ஒரு சொல்கூடப் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆய்வேடு போனது. மேமாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. எங்கள் ஊர் வழக்கப்படி அது பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவள் ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். வெளுத்த வேட்டியும் திருமண்ணும் விபூதியுமாக அவர்கள் பின்வரிசைகளில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று மெதுவடை பஜ்ஜிக்கடை அண்ணனின் உபயம். கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வர வேண்டிய புறத்தேர்வாளரின் ரயில் தாமதமானதால், அவர் வந்து இறங்கியதும் முதலில் டீயும் வடையும் கொடுத்துவிட்டுத் தேர்வை ஆரம்பித்தார்கள். தட்டுகள் கையில் இருக்கும்போதே அவள் பேசத் தொடங்கினாள். நன்றாகவே பேசினாள்.

தேர்வாளர் வயதானவர், கண்டிப்பானவர், ஆனால் கேள்விகளைத் தமிழில் கேட்டார். "எல்லாம் சரிம்மா. இந்த எண்ணெய் எங்கேருந்து வந்தது? கடைகளின் பேர் ஆய்வேட்டுல இல்லையே?"

"பொதுவா ஒரு டிரம் வெச்சுச் சேகரிச்சோம் சார்."

"யார் ஊத்தினாங்க?"

"பேர் கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது சமையல் எண்ணெய்தான்னு நான் எப்படி நம்பறது? எவனாவது ஒர்க்‌ஷாப்பு ஆயிலைக் கொண்டாந்து ஊத்தியிருந்தா? ஒரே ஒரு கடையாவது தெரியணும். இல்லேன்னா இந்த அத்தியாயத்தைப் புது மாதிரிகளோட திரும்பச் செஞ்சுதான் கொண்டு வரணும்."

திரும்பச் செய்வதென்றால் ஜூன் போய்விடும். வேலை போய்விடும். யாருடைய எண்ணெய் எவ்வளவு கறுப்பு என்பது பக்கத்துக் கடைகளின் தயவில் எனக்கு நன்றாகவே தெரியும். எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு தேர்வாளரைப் பார்த்து, "சொல்ல முடியாது சார். மன்னிச்சுக்கோங்கோ" என்றாள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பஜ்ஜிக்கடை அண்ணன் எழுந்து நின்றார்.

"ஐயா, அது ஒர்க்‌ஷாப்பு ஆயில் இல்லீங்க. என் கடை எண்ணெய்."

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஃப்ளெக்ஸ் போர்டில் கைகூப்பிச் சிரிக்கும் மனிதரா இவர் என்றிருந்தது.

"எத்தனை நாள் ஓட்டின எண்ணெய்?" என்றார் தேர்வாளர்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு நாள் ஓடும்ங்க. கூட்டம் கம்மின்னா அஞ்சு நாளும் போகும். அப்புறம் அதுலயே கொஞ்சம் புதுசு ஊத்திக்குவோம்."

அரங்கில் கடித்துக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. தேர்வாளர் தன் தட்டில் இருந்த பாதி வடையைப் பார்த்தார். "ஐயா, இன்னிக்கு வடை புது எண்ணெய்ங்க! ரங்கநாதர் சத்தியமா புது எண்ணெய்!" என்று அண்ணன் பதறிக் கத்தினார். முதலில் சிரித்தது தேர்வாளர்தான். பிறகு அரங்கமே சிரித்தது.

சிரித்து முடித்துவிட்டு அவர் மறுபடி கண்டிப்பானார். கடையில் இப்போது இருக்கும் பழைய எண்ணெய் கொஞ்சம் வேண்டும், தன் கண் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார். அண்ணன் அங்கேயே நின்று வீட்டுக்காரிக்குப் போன் போட்டார். "பழசை ஒரு பாட்டில்ல ஊத்திக் குடு. ஆமா, அதேதான். கேள்வி கேக்காத. பரவாயில்ல, குடுத்துவுடு." பொன்மலைக்காரர் பைக்கில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் வாங்கி வந்தார். பரிசோதனைக்கூடத்தில் தேர்வாளர் பார்க்க அவள் குழாயைத் திறந்தாள். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, ரோஸ் வரவே இல்லை. கடைசியில் வந்தபோது, ஆய்வேட்டில் இருந்த அளவுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். அவள் மேசையில் தலை சாய்த்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அது பழக்கம்தான்.

சந்தோஷம் மறுநாள் மாலை வரைக்கும்தான் இருந்தது. அரங்கில் மாணவர்கள் நிறைய இருந்தார்கள். அண்ணன் பேசியதை யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனபோது எதிர்க்கடையில் கூட்டம் அலைமோதியது. அதே டிரம்மில் அதே போல ஊற்றிய கடைதான் அது. அண்ணன் கடையில் ஈ காக்கை இல்லை. அவர் சட்டியின் முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தார். போர்டைக் கழற்றி மடித்து வைத்திருந்தார்.

"வாங்க டீச்சர். டாக்டரம்மா, வாங்க" என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

அவள் நேராகக் கடையின் முன்னால், தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி போய் நின்றாள். "அண்ணே, எனக்கு மூணு வாழைக்காய் பஜ்ஜி" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாள் பழக்கத்தில் அவள் கடையில் பொரித்த ஒரு துண்டைக்கூட வாயில் வைத்து நான் கண்டதில்லை. வீட்டு ஆசாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்ணெய்க்குள் என்னென்ன இருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதக்கூடியவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம்மா. இது ரெண்டாம் நாள் எண்ணெய். ஆளே வராததால புதுசு ஊத்தல. நாளைக்கு வாங்க, உங்களுக்குன்னு தனியாப் போட்டுத் தரேன்."

"ரெண்டாம் நாள் இல்ல அண்ணே, மூணாம் நாள். நுரையைப் பாத்தாலே தெரியறது" என்றாள். "போடுங்கோ."

அவர் போட்டார். பேப்பரில் வைத்துக் கொடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, புகையென்று சொல்லிக்கொண்டார். எதிர்க்கடைக் கூட்டத்தில் யாரோ, "எண்ணெய் ஆராய்ச்சி பண்ணுன மேடம்டா அது" என்றது காதில் விழுந்தது. அவள் யாரையும் பார்க்காமல், சூட்டில் ஊதி ஊதி, நின்ற இடத்திலேயே மூன்று பஜ்ஜியையும் தின்று முடித்தாள்.